அந்த மாதம் எனக்குக் கிடைத்த வினைச்சொல்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முழங்கால் நோவில் தொடங்கும். பிறகு கொலஸ்ரோலுக்குப் போகும். கடைசியில், பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை என்ற இடத்தில் வந்து நிற்கும். போன மாதம் கலியாண வீட்டில் நம்மில் ஒருத்தி சொன்னது நினைவிருக்கிறதா? "எங்களுக்கு ஆர் இங்கிலீஷ் சொல்லித் தந்தது? நாங்களாத்தானே படிச்சம்." மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டிவிட்டு, கேக் துண்டை வாய்க்குள் தள்ளிக்கொண்டேன்.

எனக்கு ஒருவர் சொல்லித் தந்தார். ஒரு முழு மாதம் ஒரேயொரு வினைச்சொல்லைச் சொல்லித் தந்தார். அந்தச் சொல் 'சேஸ்'. துரத்துவது. எங்கள் பக்கத்துப் பேச்சில் கலைக்கிறது. அந்தச் சொல்லைப் பற்றி நான் இத்தனை வருடமும் ஒருவரிடமும் கதைத்ததில்லை. மேசையில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது, கனடாவுக்கு வந்த புதிது. மிசிசாகாவில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் இருந்த நாங்கள், பனி கொட்டத் தொடங்குவதற்கு முன் ரெக்ஸ்டேலில் ஒரு கட்டடத்தின் பதினாலாம் மாடிக்கு மாறியிருந்தோம். அப்பா விமான நிலையத்தில் விமானங்களின் உட்பகுதியைத் துப்புரவு செய்தார். அம்மா விமானக் கம்பளிகளைத் தோய்க்கிற ஒரு தொழிற்சாலையில் நின்றார். அம்மா வீட்டுக்கு வந்தால் கதவு திறக்கும்போதே பிளீச் மணம் முன்னால் வரும். அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் விமானத்து உப்புக் கடலைப் பொட்டலம் ஒன்று இருக்கும், அது எனக்கு.

அண்ணன் கொழும்பில் இருந்தான். ஆட்களைக் காசுக்கு வெளிநாடு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் மூன்று பேருக்குத்தான் வழி இருக்கிறது என்று சொன்னதால் அவனை விட்டுவிட்டு வந்தோம். எங்களை இங்கே அகதிகளாக ஏற்றுக்கொண்டதும் அப்பா அவனுக்கும் விண்ணப்பம் போட்டார். அவனுக்குப் பதினெட்டு வயது. ஒரு லொட்ஜில், ஒரு அறையில் ஆறு பேரோடு இருந்தான். பொலிஸ் செக்கிங் வரும்போதெல்லாம் அள்ளிக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்து விடுவார்கள். ஒவ்வொரு முறையும் விடுவார்களா என்பதுதான் எங்கள் வீட்டுச் சாப்பாடு, தூக்கம், எல்லாம்.

உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாம்தானே நம் வீடுகளின் வாய். மின்சாரப் பில்லை வாசித்தது நாம், டொக்டரிடம் அம்மாவின் வயிற்றுக் குத்தைச் சொன்னது நாம், வங்கியில் அப்பாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் நின்றது நாம். வீட்டில் ரெலிபோன் அடித்தால் பெரியவர்கள் அதைப் பார்ப்பார்கள், பிறகு நம்மைப் பார்ப்பார்கள். அண்ணனின் பைல் நம்பர் எனக்கு மனப்பாடம். இப்போதும் பாடம்.

பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த பிள்ளைகள் ஆறு பேருக்குத் தனி வகுப்பு. கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஹீற்றரின் மேல் ஈரக் கையுறைகள் காயும் மணமும், தோடம்பழத் தோல் மணமும், ரீச்சரின் கோப்பி மணமும் கலந்து கிடக்கும். ரீச்சர் நெட்டையான, நரைத்த வெள்ளைக்காரி. அவரிடம் ஒரு நீலப் பிஸ்கட் ரின் இருந்தது. மாதத் தொடக்கத்தில் அதற்குள் கைவிட்டு ஒவ்வொருவரும் ஒரு துண்டு எடுக்க வேண்டும். துண்டில் ஒரு வினைச்சொல் இருக்கும். மாத முடிவுக்குள் அந்தச் சொல்லை வைத்துப் பன்னிரண்டு வசனம். கற்பனை கூடாது, கண்ணால் கண்டதோ காதால் கேட்டதோ மட்டும்தான் எழுதலாம். எனக்குப் பக்கத்தில் இருந்த சோமாலிப் பெண்ணுக்கு 'கடன் வாங்கு' வந்தது. அவள் அந்த மாதம் முழுவதும் என் அழிறப்பரைத் திருப்பித் தரவில்லை, வசனத்துக்காகத்தான் என்றாள். எனக்கு 'சேஸ்' வந்தது.

முதல் வசனங்கள் லேசாக வந்தன. நாய் அணிலைத் துரத்தியது. இடைவேளையில் பெடியன்கள் பெட்டைகளைத் துரத்தினார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்த துரத்தல். ஒருவர் ஓடுவார், ஒருவர் பின்னால் வருவார், ஓடுகிறவருக்கு நெஞ்சு இடிக்கும். நாங்கள் அப்படித்தான் ஊரை விட்டு வந்தோம்.

ஆனால் காதைத் திறந்து வைத்துக்கொண்டு திரிந்தபோது, இந்த ஊர்ச் சனம் அதை வேறு மாதிரிப் புழங்குவது தெரிந்தது. கிப்ளிங் வீதியில் ஒரு மனுசி, கையில் இரண்டு பையோடு, புறப்பட்டுவிட்ட பஸ்ஸைத் துரத்தினாள். பஸ் நின்றது! சாரதி கதவைத் திறந்து, சிரித்து, ஏற்றிக்கொண்டார். நான் நடைபாதையில் விறைத்துப்போய் நின்று பார்த்தேன். எங்கள் கட்டடத்துப் பராமரிப்பு ஜமேக்காக்காரி ஒருத்தியின் பொறுப்பு. எங்கள் குளியலறைக் குழாய் மூன்று வாரமாக ஒழுகியது. ஒருநாள் அவள் என்னைத் தடுத்து, இன்றைக்குத்தான் குழாய்க்காரன் வருகிறான், ஏழு தரம் ரெலிபோன் எடுத்துத் துரத்தினேன் என்றாள். கோபிக்க மாட்டானா என்று கேட்டேன். அவள் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். இந்த நாட்டில் நீ துரத்தாவிட்டால் உனக்கு ஒன்றும் வராது, துரத்துகிறவளைத்தான் அவர்கள் ஞாபகம் வைப்பார்கள் என்றாள். அது என் ஏழாவது வசனம்.

ஞாயிறு காலையில் அண்ணனின் அழைப்பு வரும். அம்மா அழுது முடிய, அப்பா இரண்டு சொல் கேட்க, எனக்கு ஒரு நிமிடம் மிஞ்சும்.

"என்னடி படிக்கிறாய்?"

"சேஸ். பன்னிரண்டு வசனம் எழுதோணும்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அந்தப் பாடத்துக்கு நான் உனக்கு ரியூசன் தரலாம். சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறன், தெரியுமோ? பின்பக்கத்து மதிலில ஏற இப்ப அரை நிமிசம் காணும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அப்பாட்டச் சொல்லு, ஒருக்காக் கோல் பண்ணிக் கேக்கட்டும். சும்மா எந்த அளவில நிக்குது எண்டு. என்னால இனி ஏலாது."

சொன்னேன். அப்பா ரிசீவரை வாங்கி, "கேக்கக் கூடாது மோனை, பைல் குழம்பிப் போயிடும். பொறு," என்றார். அண்ணன் என்ன சொன்னானோ தெரியாது. அப்பா ரிசீவரை மெல்ல வைத்தார்.

கேட்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டமில்லை. அது போர்ம் அங்கிளின் சட்டம். அவர் ஒன்பதாம் மாடியில் இருந்தார். ஊரில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். கட்டடத்தில் இருந்த தமிழ்ச் சனத்துக்கெல்லாம் அவர்தான் விண்ணப்பப் போர்ம் நிரப்பினார். ஒரு தேத்தண்ணியைத் தவிர ஒருவரிடமும் ஒன்றும் வாங்கியதில்லை. அச்செழுத்து மாதிரி எழுத்து. அவர் எழுதிய விண்ணப்பங்களில் பல சரிவந்ததால் அவர் வாயால் வந்ததெல்லாம் வேதவாக்கு.

"அவங்கள் கூப்பிடுவாங்கள். நாங்கள் கூப்பிடக் கூடாது. விளங்குதோ தம்பி? கோல் எடுத்தா உடன பைலில ஒரு குறி போடுவாங்கள். பேந்து பைல் அடியில போயிடும். நான் மூண்டு வருசம் வாயே திறக்கேல்லை, மனிசி பிள்ளையள் வந்து இறங்கிச்சினம். வீடு மாறினதையும் இப்ப சொல்லாதேங்கோ. புது விலாசம் குடுத்தாத் திரும்ப முதலில இருந்து துவங்குவாங்கள். கடிதத்தைப் பழைய வீட்டில போய் எடுங்கோ."

இப்போது நினைத்தால் முட்டாள்தனமாகத் தெரிகிறது. ஆனால் அவர்கள் எங்கேயிருந்து வந்தவர்கள்? ஒரு கந்தோரில் நம் பெயரை இரண்டாம் தரம் உச்சரித்தால் அந்தப் பெயர் யாரோ ஒருவரின் பட்டியலில் ஏறிவிடும் என்ற இடத்திலிருந்து. ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்ததால்தான் அவர்கள் உயிரோடு இருந்தார்கள். உயிரைக் காப்பாற்றிய பழக்கத்தை யார் விமான நிலையத்தில் போட்டுவிட்டு வருவார்கள்?

பன்னிரண்டாவது வசனத்துக்கு வேறொன்றும் அகப்படாமல், நான் எழுதினேன்: என் அண்ணனின் பைலை நாங்கள் துரத்துவதில்லை.

ரீச்சர் அதை வாசித்தார். சிவப்புப் பேனையை மூடி வைத்தார். ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடக் கந்தோருக்குப் போனார். குடிவரவுக் கந்தோருக்கு ரெலிபோன் எடுத்து நாற்பது நிமிடம் லைனில் நின்றார், கோப்பி ஆறிப்போனது. நான் நம்பரைச் சொல்லச் சொல்ல அவர் சொன்னார். பிறகு அவர் முகம் மாறிவிட்டது. ரிசீவரை என் காதில் வைத்தார். மறுமுனையில் ஒரு பெண், அவசரமில்லாத நல்ல குரல். உங்கள் மிசிசாகா விலாசத்துக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது, அண்ணன் மருத்துவச் சோதனையைத் திரும்பச் செய்து தாள்களை அனுப்ப வேண்டும், பதில் வரவில்லை, இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது, அதற்குள் வராவிட்டால் பைல் மூடப்படும். அப்பாவோ அம்மாவோ நேரில் வந்தால் கடிதத்தின் பிரதி தருவோம், வேண்டுமானால் கூடுதல் நாட்களும் கேட்கலாம் என்றாள். கடைசியில், நீ இதைத் துரத்தியது நல்லதாகப் போயிற்று என்றாள்.

நல்லதாகப் போயிற்று. அந்தச் சந்தோசம் எனக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இருந்தது. பனியில் ஓடினேன், இரண்டு தரம் விழுந்தேன்.

கதவைத் திறந்தால் போர்ம் அங்கிள் கதிரையில் இருக்கிறார். ஐந்தாம் மாடிக் குடும்பம் ஒன்றுக்கு மறுப்பு வந்திருக்கிறது. அவர்கள் வீட்டுப் பெடியன் குடிவரவுக் கந்தோருக்கு இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தவனாம்.

"சொன்னனான், கேக்கேல்லை. சின்னனைப் பேச விட்டினம். எல்லாம் போச்சு," என்றார் அங்கிள்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். அப்பா என்னைக் கண்டதும் கையை நீட்டி அருகில் இழுத்து, என் ஈரத் தொப்பியைக் கழற்றி, தலையில் கைவைத்தார். "எங்கட வீட்டில இருந்து ஒரு கோலும் போகாது அண்ணை. என்ர பிள்ளை நான் சொல்லாமல் ரெலிபோனைத் தொடமாட்டாள்."

  பைலில் குறி விழுந்திருக்கும். விழுத்தியது நான்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் ரீச்சர் வாசலிலேயே நின்று கேட்டார், அப்பா அம்மாவிடம் சொன்னாயா, போனார்களா என்று. இல்லை என்றால் அவர் வீட்டுக்கு ரெலிபோன் எடுப்பார். எடுத்தால் எல்லாம் வெளியே வரும். போனார்கள் என்றேன். கடிதம் கிடைத்ததா? கிடைத்தது என்றேன். அவர் குனிந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவரின் கம்பளிச் சட்டை என் கன்னத்தில் குத்தியது. கொப்பியில் பன்னிரண்டாவது வசனத்துக்குப் பக்கத்தில் தங்க நட்சத்திரம் ஒன்றை ஒட்டினார்.

பத்து, ஒன்பது, எட்டு. நான் விரலை மடித்து எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பா பழைய வீட்டுக்குப் போய்க் கடிதத்தை எடுத்துவிட்டால் நான் ஒன்றும் சொல்லாமலே சரிவந்துவிடும். அதுதான் என் திட்டம். பதினொரு வயது மூளைக்கு அதற்கு மேல் எட்டவில்லை. சனிக்கிழமை அப்பாவை நச்சரித்து மிசிசாகாவுக்கு அனுப்பினேன். இரண்டு பஸ் மாறி, கொட்டுகிற பனியில் போனார். மூன்று மணித்தியாலத்தில், மீசையில் பனி உறைந்திருக்கத் திரும்பி வந்தார். வீடு பூட்டிக் கிடக்கிறது, வீட்டுக்காரி மகளிடம் வெளிநாடு போய்விட்டாளாம், பங்குனியில்தான் வருவாளாம்.

"ஒண்டும் வந்திருக்காது. வந்தா எங்களுக்குத் தெரியாமலே போகும்?" என்றார் அம்மா.

அப்போது சொல்லியிருக்கலாம். அப்பா சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்க முடியாமல், விறைத்த விரல்களோடு போராடிக்கொண்டிருந்தார். நான் முழங்காலில் நின்று அவிழ்த்துவிட்டேன். என் வாய்க்கும் அவர் காதுக்கும் ஒரு முழம் தூரம்கூட இல்லை. இன்னும் ஆறு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எடுத்தான். என் நிமிடம் வந்தது. "அப்பா கேட்டவரோ?" என்றான். இல்லை என்றேன். "சரி, விடு," என்றான். அவன் அப்படிச் சலிப்பாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. பின்னால் அம்மா நிற்கிறார், அப்பா நிற்கிறார். நான் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சு மட்டும் விட்டேன். அவனுடைய மூச்சும் கேட்டது. லைன் அறுந்தது.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. கந்தோர் நாலரைக்குப் பூட்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து குசினி மணிக்கூட்டின் முன் கதிரையைப் போட்டு இருந்தேன். அம்மா புட்டு அவித்துக்கொண்டிருந்தார், கண்ணாடியெல்லாம் ஆவி. நாலரை ஆனது. ஒரு சத்தமும் இல்லை. அம்மா திரும்பிப் பார்த்து, "என்ன பிள்ளை, முகம் இப்பிடிக் கிடக்குது, காய்ச்சலோ?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

பங்குனிக் கடைசியில் மிசிசாகா வீட்டுக்காரி ஒரு பிளாஸ்ரிக் பையில் கடிதங்களைப் போட்டுத் தன் காரிலேயே கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாள், பாவம். அப்பா நீளமான, மண்ணிறக் கடித உறையைக் கண்டதும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கிழிக்காமல், கத்தியால் மெல்லத் திறந்தார். என்னிடம் நீட்டினார்.

"வாசி பிள்ளை. ஆறுதலா வாசி."

நான் அதை முதல் தரம் அறிகிறவள் மாதிரி வாசித்தேன். தெரிந்த சொற்களில் தடுக்கினேன். திகதி வந்த இடத்தில் நிறுத்தி, கலண்டரைப் பார்த்து, திரும்பக் கடிதத்தைப் பார்த்தேன். "அப்பா, இது முடிஞ்சு போச்சு போல," என்றேன். என் குரல் நடுங்கியது, அது நடிப்பில்லை. அம்மா நிலத்தில் அப்படியே குந்திவிட்டார். அப்பா ஜக்கெற்றைப் போட மறந்து லிப்ற்றுக்கு ஓடினார்.

கந்தோரில் நாங்கள் கெஞ்சியதெல்லாம் நான்தான் மொழிபெயர்த்தேன். பைல் மூடியாகிவிட்டது. புதிதாகப் போடலாம், இரண்டு வருடம் ஆகலாம் என்றார்கள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், இடையில் ஒரு அழைப்பு வந்ததாகப் பதிவு இருக்கிறதே என்றார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

அண்ணனால் இரண்டு வருடம் பொறுக்க முடியவில்லை. அந்த ஆவணியில் ஒரு ஏஜென்சிக்காரனோடு வெளிக்கிட்டான். ஒருமுறை ஏதோ ஒரு குளிரான ஊரிலிருந்து எடுத்து, நாளைக்குக் கப்பல், போய்ச் சேர்ந்ததும் எடுக்கிறேன் என்றான். அவ்வளவுதான். அம்மா இப்போது என்னோடு அஜக்ஸ் நகரத்தில் இருக்கிறார். அதே பழைய ரெலிபோன் நம்பரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அவனுக்கு வேறு நம்பர் தெரியாது என்கிறார்.

கடிதம் வந்த அன்றே அம்மா ஒன்பதாம் மாடிக்கு இறங்கிப் போய், போர்ம் அங்கிளின் கதவை அடித்துக் குழறினார். "என்ர பிள்ளையைத் தின்னுபோட்டியே!" மற்றக் கதவுகளெல்லாம் திறந்தன. அவர் உடுத்த சாரத்தோடு, கையில் பேனையோடு வந்து நின்றார்.  அதன் பிறகு ஒருவரும் அவரிடம் விண்ணப்பம் கொண்டு போகவில்லை. லிப்ற்றில் அவர் ஏறினால் எங்கள் ஆட்கள் இறங்கினார்கள். அடுத்த வருடம் குடும்பத்தோடு எங்கேயோ மாறிப் போய்விட்டார். அவருடைய சட்டம் பிழை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் பிழைக்குப் பிறகும் பதினொரு நாள் மிச்சமிருந்தது. அந்தப் பதினொரு நாளும் என் கையில் இருந்தன.

போன கிழமை ஒரு செத்த வீட்டுக்குப் போனேன். பின்வரிசையில், சக்கர நாற்காலியில், ஒரு கிழவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் தள்ளிக்கொண்டு வந்தாள். கை நடுங்கியது. எழுத முடியாத கை.

"பிள்ளை, என்னைத் தெரியுதோ?"

"ஓம் அங்கிள்."

"உங்கட அம்மாவைப் பாக்க எனக்கு முகமில்லை. முப்பது வருசமா உங்கட அண்ணனை நினைக்காமல் நான் ஒரு நாளும் படுத்ததில்லை. நான் சொன்ன ஒரு சொல்லாலதானே அந்தப் பெடியன் போனவன். நான் கண்ணை மூட முன்னம் உங்களில ஒராள் ஒரு வார்த்தை சொல்லோணும் மோனை."

சொல்ல ஒரு வார்த்தை என்னிடம் இருந்தது. சுற்றிலும் எங்கள் ஆட்கள். அவர் மகள் என் முகத்தையே பார்த்தாள்.

"உங்களில எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை அங்கிள்," என்றேன். "நாங்கள் எப்பவோ மன்னிச்சிட்டம்."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விம்மி விம்மி அழுதார். நீ பெரிய மனசுக்காரி, நீ பெரிய மனசுக்காரி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கையை இழுக்கவில்லை.